ட்ரையர் ஓடும் நேரம்

2006 நவம்பரில் கனடா வந்து நாங்கள் குடியிருந்தது ஸ்காபரோவில் ஒரு நிலவறை. ஓர் அறை, மூலையில் குசினி. ஜன்னல் என் தலைக்கு மேலே, நில மட்டத்தில். அதால் தெரிவது வீட்டுக்காரரின் வாகனச் சில்லு மட்டும். ஸ்னோ கொட்டினால் அதுவும் இல்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும்.

இவருக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் பின்னேரம் வரை நித்திரை. பகல் முழுக்கக் கரண்டிகூடச் சட்டியில் படாமல் சமைப்பேன். அம்மாவோடு கதைப்பது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான். ஆகஸ்டில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை மூடியதிலிருந்து அவ அங்கே சாமானுக்கு வரிசையில் நிற்கிறா. அவவிடம் போய் ஜன்னலைப் பற்றி அழ முடியுமா?

அழவும் ஓர் இடம் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. ஊரில் கிணற்றடியில் முகம் கழுவுகிற சாட்டில் அழலாம். விறாந்தையில் முகம் வாடி இருந்தால் படலையடியில் போகிற யாராவது "என்ன பிள்ளை, ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்பார்கள். (பாதி அக்கறை, பாதி விடுப்பு அறிகிற ஆசை. அந்த நாளில் எனக்கு எரிச்சல்தான் வரும்.)

இங்கே எனக்குக் கிடைத்தது உடுப்புத் தோய்க்கும் அறை. காய்ந்த துவாய்களையே திரும்பப் போட்டு ட்ரையரை ஓடவிடுவேன். ஐம்பது நிமிடம். அந்த இரைச்சலில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.

தமிழ் டாக்டர் ஒருவர் மனவழுத்தம் என்றார். கட்டிலை நித்திரைக்கு மட்டும் வைத்திருக்கட்டாம். இருபது நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறு அறைக்குப் போகட்டாம். 1972இல் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன முறை அது, நல்ல முறைதான். ஆனால் எங்களிடம் இருந்ததே ஓர் அறை! காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன்னால் இருக்கவும் சொன்னார். விளக்கைப் போட்டால் இவர் எழும்பிவிடுவார். டாக்டருக்கு ஓஹிப் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை போதும். தனியார் உளவியலாளருக்குக் கைக்காசு. அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

ஒருநாள் வீட்டுக்காரரின் அம்மா உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தா. என்னைப் பார்த்தா. ட்ரையரைத் திறந்து துவாயைத் தொட்டா.

"இது காய்ஞ்சுதானே கிடக்கு. மேலை வா பிள்ளை, குசினியிலை வெயில் விழுது."

அடுத்த நாளிலிருந்து விளக்கும் நானும் அவவின் மேசைக்கு ஏறினோம். ஆச்சி ஒன்றும் கேட்கமாட்டா. தேத்தண்ணி வைத்துவிட்டு வெங்காயத்தைக் கொட்டுவா, இரண்டு பேரும் உரிப்போம். சில நாள் வெங்காயத்தைச் சாட்டி அழுதிருக்கிறேன். பங்குனி வரை அப்படியே போனது. பிறகு வேலை கிடைத்தது, இரண்டு அறை வீடும் கிடைத்தது. எது என்னைத் தூக்கிவிட்டது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொந்த வீடு. மகள் இரவு பதினொரு மணிக்கு ட்ரையரைப் போட்டால், இறங்கிப் போய்த் துவாயில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.