கரையொதுங்கிய குவியர் திமிங்கிலம்: ஆய்வு நாட்குறிப்பு

மார்ச் 3, இரவு

கரையொதுங்கிய திமிங்கிலத்தின் படங்களை அனுப்பியிருந்தார்கள். பார்த்ததுமே குவியர் அலகுத் திமிங்கிலம் என்று தெரிந்துவிட்டது. குட்டையான அலகு, சரிந்த நெற்றி, கீழ்த்தாடை நுனியில் இரண்டே இரண்டு பற்கள். பற்கள் வெளியே தெரிவதால் வளர்ந்த ஆண். பெண்ணுக்கு அவை ஈறைத் தாண்டி வருவதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அலை ஏறும் நேரம் வேறு. உடலை வெட்டி, எப்படிச் செத்தது என்று ஆராயும் வேலை காலையில்தான். ஈரச் சாக்குகளைப் போட்டு மூடி, வாலில் கயிறு கட்டி, காவலுக்கு ஆள் வைத்திருக்கிறோம். காவல் கட்டாயம் வேண்டும். யாராவது பல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் வயதைக் கணக்கிடுவது பெரும்பாடாகிவிடும்.

என் கவலையெல்லாம் நேரம்தான். மதியமே அசைவில்லை என்கிறார்கள். இதன் தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பு, செத்த பிறகும் போர்வை மாதிரி உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். வெளியே தோல் பளபளவென்று இருக்கும். உள்ளே உறுப்புகள் கெட்டுக்கொண்டிருக்கும்.

மார்ச் 4

விடிந்ததும் முதலில் அளவெடுத்தோம். மேல்தாடை நுனியிலிருந்து வால் துடுப்பின் நடு வரை, உடம்பின் வளைவோடு போகாமல் நேர்கோட்டில்: 5.7 மீட்டர். வால் துடுப்பின் நடுவில் மற்ற திமிங்கிலங்களுக்கு இருக்கும் பிளவு இதற்கு இல்லை. பக்கத் துடுப்புகளை மடக்கி வைத்துக்கொள்ள விலாவில் இரு பக்கமும் பள்ளம் இருக்கிறது. தொண்டையில் இரண்டு வரிப்பள்ளங்கள். இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. தொண்டையை விரித்து, தண்ணீரோடு கணவாயை உறிஞ்சி இழுத்துவிடும்.

அப்படியானால் அந்த இரண்டு பற்கள் எதற்கு? பதில் முதுகில் இருந்தது. நீள நீளமான வெள்ளைக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மற்ற ஆண்களோடு போட்ட சண்டைகளின் தழும்புகள். நடுநடுவே வட்டமான குழித் தழும்புகளும் இருந்தன. குக்கிகட்டர் சுறா சதையைத் தோண்டியெடுத்த இடங்கள். கத்தி வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்தோம். உயிரோடு நீந்தும் திமிங்கிலங்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக்கொள்வதும் இந்தத் தழும்புகளை வைத்துத்தான். எங்காவது ஒரு படத்தொகுப்பில் இது ஏற்கெனவே இருக்கலாம்.

இரட்டைக் கையுறை, முகக் கவசம், கண்ணாடி. கடல் பாலூட்டிகளிடமிருந்து புருசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால் இதில் யாருக்கும் சலுகை இல்லை.

கொழுப்பை விலக்கியதும் தெரிந்த தசை ஏறக்குறைய கறுப்பு. ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் அவ்வளவு செறிந்திருக்கிறது. இந்த இனத்தில் ஒன்று 2,992 மீட்டர் ஆழம் போனதாக 2014-இல் பதிவானது. இன்னொன்று 3 மணி 42 நிமிடம் மூச்சுவிட மேலே வராமல் இருந்ததாக 2020-இல் வெளியிட்டார்கள். படிக்கும்போது வெறும் எண்கள்தான். அந்தத் தசையைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

அப்புறம் இன்றைய முக்கியமான வேலை. குடலைத் தாங்கும் சவ்வின் ரத்த நாளங்களிலும் இதயத்தின் மேல் ஓடும் ரத்தக் குழாய்களிலும் வாயுக் குமிழிகள் வரிசையாகத் தெரிந்தன. வெளிக்காற்று கலந்துவிடாமல் ஊசி வழியாக வெற்றிடக் குழாய்களில் அந்த வாயுவை எடுத்தோம். கூட இருந்த இளைஞர் ஒருவர், "சார், இது ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கு வருமே, அந்த நோய்தானே?" என்றார். இருக்கலாம். அழுகலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

தலையை முழுதாகப் பிரித்து ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டோம். காதை உடனே தனியே எடுத்து ஃபார்மலினில் போட்டிருக்க வேண்டும்; உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். அவற்றின் காலம் கடந்துவிட்டது. எலும்பாவது முழுதாக இருந்தால் சரி.

மார்ச் 5

வயிறு. பல அறைகள் கொண்டது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவிச் சல்லடையில் வடித்தோம். கணவாய் அலகுகள் நிறைய. செரிக்காமல் தங்கும் இந்தச் சிறு கறுப்பு அலகுகளின் வடிவத்தையும் அளவையும் வைத்து, எந்தக் கணவாய், எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். புதிதாகத் தின்ற இரை எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கும் இல்லை. 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் ஒதுங்கிய இதே இனத் திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதனால் சல்லடையில் ஒவ்வொரு துணுக்கையும் பதற்றத்தோடுதான் புரட்டினேன்.

சிறுநீரகத்தில் நீளமான புழுக்கள். இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுபவைதான். எடுத்து ஆல்கஹாலில் போட்டாயிற்று.

மார்ச் 6

எலும்புகளைச் சதை நீக்கி மணலில் புதைத்தோம். முதுகு வலி. இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 19

வாயு மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. ஹைட்ரஜன் இருக்கிறது. அது பாக்டீரியா வேலை, அதாவது அழுகலின் அடையாளம். நைட்ரஜன் மிகுந்து, ஹைட்ரஜன் இல்லாமல் இருந்திருந்தால், வேகமாக மேலே வந்ததால் ரத்தத்தில் குமிழிகள் உண்டாயின என்ற சந்தேகம் வலுத்திருக்கும்.

காலையிலிருந்து பலரும் கேட்கிறார்கள், காரணம் கடற்படை சோனாரா என்று. நீர்மூழ்கிகளைத் தேடக் கப்பல்கள் தண்ணீருக்குள் அனுப்பும் பலத்த ஒலிதான் சோனார். கேள்வி நியாயமானது. 2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் கடற்படைப் பயிற்சியில் சோனார் தொடங்கிய சில மணி நேரத்தில் 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவற்றின் உறுப்புகளில் குமிழிகளும் கொழுப்புத் துணுக்குகளும் இருந்தன. 2004-இல் ஸ்பெயின் அந்தக் கடலில் சோனாரைத் தடை செய்தது. அந்த முடிவுக்கு வழிவகுத்தது, உடல்கள் கெடுவதற்குள் செய்த உடற்கூறாய்வுதான். அதே முடிவை இந்த உடலின் மேல் ஏற்றிச் சொன்னால், நாளை உண்மையான சான்று கிடைக்கும்போது அதையும் நம்ப மாட்டார்கள். அதனால் 'தெரியவில்லை' என்றே பதில் சொன்னேன்.

ஏப்ரல் 8

ஸ்கேனில் மண்டையோட்டில் முறிவில்லை, காதெலும்புகளும் முழுதாக இருக்கின்றன. கப்பல் மோதிய காயமோ வலைத் தழும்போ உடம்பில் இல்லை. அறிக்கையில் இறப்புக்கான காரணம்: தீர்மானிக்க முடியவில்லை. ஒருவர் அதை 'இயற்கையான மரணம்' என்று மாற்றச் சொன்னார். மறுத்துவிட்டேன்; இரண்டும் ஒன்றல்ல.

ஒரு பல்லை மெலிதாக அறுத்து வளர்ச்சி வரிகளை எண்ணக் கொடுத்திருக்கிறோம். அறிக்கையின் கடைசியில் ஒரு கோரிக்கையும் சேர்த்திருக்கிறேன்: வாயு எடுக்கும் குழாய்களும் ஊசிகளும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பூட்டிக் கிடக்க வேண்டாம், ஒதுங்கிய இடத்துக்கு முதலில் போகும் கால்நடை மருத்துவரின் பெட்டியிலேயே இருக்கட்டும், கூடவே இரவில் வேலை செய்ய விளக்குகளும்.