கிளாம்ப் முதலில்

மயக்கவியல் மருத்துவராகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய பிறகுதான் எக்மோ பயிற்சிக்குப் போனேன். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அந்தக் கருவி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பெயரைச் சொன்னதுமே நோயாளியின் வீட்டார், "ஜெயலலிதா அம்மாவுக்கும் எஸ்.பி.பி.க்கும் வைத்தார்களே, அதுவா டாக்டர்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழத் தொடங்கிவிடுவார்கள். 2016-உம் 2020-உம் அந்தச் சொல்லின் மீது அப்படிப் படிந்துவிட்டன. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, பம்பால் உடலுக்குத் திருப்பி அனுப்பி, நுரையீரலோ இதயமோ தேறி வரும்வரை அவற்றின் வேலையைச் செய்வதுதான் எக்மோ. 1975-இல் கலிபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சிளங்குழந்தையை இதன் துணையால் பிழைக்க வைத்தார் என்பதை அந்த உறவினர்களிடம் நான் விடாமல் சொல்வேன்.

முதல் நாள் முழுவதும் வகுப்புதான். ஏற்கெனவே படித்திருந்தவையே பெரும்பாலும்.

இரண்டாம் நாள் அறையில் கட்டிலில் ஒரு பொம்மை; பக்கத்தில் உண்மையான எக்மோ கருவி. குழாய்களில் சிவப்புச் சாயம் கலந்த நீர் சுற்றிக்கொண்டிருந்தது. போர்வைக்கு அடியிலிருந்து இன்னொரு மெல்லிய குழாய் திரைக்குப் பின்னால் போனது. ரத்தம் இழப்பதுபோல் அந்த நீரை உறிஞ்சியெடுக்க அங்கே சிரிஞ்சுடன் ஒரு பயிற்சியாளர் இருப்பது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். தெரிந்தும், ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு வியர்த்தது.

இதயத் தசை அழற்சி, 42 வயது, இதயத்துக்கான எக்மோ என்றார்கள். நிமிடத்துக்கு 4.2 லிட்டராக இருந்த ஓட்டம் 2.6-க்கு இறங்கியது. ரத்தத்தை வெளியே இழுக்கும் குழாய் மெத்தையின் மேல் உதறத் தொடங்கியது. நான் பம்பின் வேகத்தைக் கூட்டினேன். ஓட்டம் இன்னும் குறைந்தது. உள்ளே ரத்தம் போதாதபோது வேகத்தைக் கூட்டினால், ரத்தக்குழாயின் சுவரே, அதனுள் செருகியிருக்கும் கான்யுலா என்ற குழலின் துளைகளை வந்து அடைத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க வேண்டும், திரவம் ஏற்ற வேண்டும், எங்கே ரத்தம் கசிகிறது என்று தேட வேண்டும். தேர்வில் கேட்டிருந்தால் பிழையின்றி எழுதியிருப்பேன். என் கை வேறொன்றைச் செய்தது.

அடுத்து பம்ப் நின்றது. பம்பைக் கையால் சுற்றி ஓட்ட உதவும் ஹேண்ட் கிராங்க்கை எடுக்கப் பாய்ந்தேன். "டாக்டர், கிளாம்ப்!" என்று கத்தியவர் எங்கள் குழுவிலேயே இளையவரான செவிலியர். அவர் சொன்னதுதான் சரி. இந்த பம்பில் வால்வு கிடையாது. அது நின்றால் தமனியின் அழுத்தம் ரத்தத்தைப் பின்னோக்கித் தள்ளும். உடலுக்குத் திரும்பும் குழாயை முதலில் கிளாம்ப் என்ற இடுக்கியால் இறுக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிறகு பம்பின் தலையை கிராங்க்கில் பொருத்திச் சுற்றினேன். இரண்டே நிமிடத்தில் தோள் கடுத்தது. குனிந்து சுற்றிக்கொண்டே கட்டளைகளும் இட்டேன். மானிட்டர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதன்பின் ஒரு மணி நேரம் வட்டமாக அமர்ந்து வீடியோவைப் பார்த்தோம். பயிற்சியாளர் யாரையும் ஏன் தவறு செய்தீர்கள் என்று கேட்கவில்லை. "அந்த நேரத்தில் உங்கள் கண்ணில் பட்டது எது?" என்றுதான் கேட்டார். வீடியோவில் என் குரல்: "யாராவது ஆக்சிஜன் சிலிண்டரைப் பாருங்கள்." நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எவரும் நகரவில்லை. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

மாலையில் மீண்டும் செய்தோம். யார் சுற்றுவது, யார் குழாய், யார் மருந்து என்று முன்பே பிரித்துக்கொண்டோம். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன், எதையும் தொடவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தேன். "கிளாம்ப் போடுங்கள்" என்றால் "கிளாம்ப் போட்டாயிற்று" என்று பதில் வர வேண்டும். 40 நொடிகளில் ஓட்டம் திரும்பியது.

பம்ப் நிற்பது அபூர்வம். ஒரு டாக்டர் பல ஆண்டுகளில் ஒருமுறை காணலாம், காணாமலும் போகலாம். ஆகவே நோயாளியின் பக்கத்தில் நின்று இதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. விலையுயர்ந்த பொம்மை வாங்கப் பணமில்லை என்று இதைத் தள்ளிப்போடும் மருத்துவமனைகளுக்கு ஒன்று சொல்வேன்: சாதாரண பொம்மை, காலாவதியான குழாய்த் தொகுப்பு, சாய நீர், ஒரு திரை போதும். வட்டமாக அமர்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள், எங்கள் பிரிவின் கிராங்க் எங்கே என்று கேட்டேன். பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி, மாலையில் வீட்டுக்குப் போய்விடும் பொறுப்பாளரிடம். இப்போது அது கருவியின் பக்கவாட்டிலேயே தொங்குகிறது, நான்கு கிளாம்ப்களுடன். பணி மாறும்போது செவிலியர்கள் அவற்றை எண்ணிக் கையெழுத்திடுகிறார்கள்.