ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் பயாஸில் பார்க்க வேண்டிய ஒரு வரி

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று யார் சொன்னாலும், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள் என்பதுதான் இன்று கிடைக்கும் முதல் அறிவுரை. அது பெரும்பாலும் சரியான அறிவுரையே. ஆனால் டிஸ்க்குக்கும் பிராசஸருக்கும் நடுவே நின்றுகொண்டு, எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில் தகவல் போய்வர வேண்டும் என்று தீர்மானிக்கிற கன்ட்ரோலரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வேலூர் ஆபீசர்ஸ் லைன் கடைகளில் எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் விளக்குவதைவிட, எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் பழைய கணினிகள். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவற்றைக் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்தில் இன்னும் சிலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கும் சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான். நடைமுறையில் 300 மெகாபைட்டுக்கும் குறைவாகவே வரும். எஸ்எஸ்டியின் அட்டைப்பெட்டியில் 550 மெகாபைட் என்று அச்சிட்டிருந்தாலும் கன்ட்ரோலர் அனுமதிக்கிற அளவைத் தாண்டி அது ஓடாது. அதற்காக, வாங்கியது வீண் என்று வருந்த வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று சுற்ற 11 மில்லி நொடி ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால், தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்கும் அந்த நேரம்தான் கணினியை மந்தமாக்குகிறது. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு கிடையாது. 3 ஜிகாபிட் இணைப்பிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி என்று கடைகளில் சொல்லும் சட்டத்தைப் பொருத்தி இரண்டாவது டிஸ்க் போடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில கணினிகளில் அந்த இணைப்பின் வேகம் இன்னும் குறைவு. ஆகவே எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சட்டத்திலும் வைப்பதே முறை.

இனி அந்த ஒரு வரி. கணினியை இயக்கியவுடன் எஃப்2 போன்ற விசையை அழுத்தி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு நிரலான பயாஸுக்குள் சென்றால், சாட்டா மோட் என்ற வரியில் ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ஐடிஇ என்பது, ஏஎச்சிஐ டிரைவர் (கன்ட்ரோலரோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள்) இல்லாமல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி போன்றவற்றுக்காக வைத்திருந்த பழைய வழி. ஏஎச்சிஐ முறையில், காத்திருக்கும் 32 கட்டளைகள் வரை கன்ட்ரோலர் டிஸ்க்கிடம் ஒன்றாகக் கொடுத்துவிடும். தட்டைப் படிக்கும் தலை நகரும் தூரம் குறையும்படி டிஸ்க் அவற்றை வரிசை மாற்றிக்கொள்ளும். காட்பாடிக்கு ஒன்று, பாகாயத்துக்கு ஒன்று, மறுபடியும் காட்பாடிக்கு ஒன்று என்று கடிதங்கள் வந்தால், காட்பாடிக்கு உரியவற்றை ஒரே நடையில் கொடுத்துவிட்டுப் பாகாயம் போகும் தபால்காரரின் வேலை இது. ஐடிஇ முறையில் இந்த வசதி இல்லை. டிஸ்க் சும்மா இருக்கும்போது இணைப்பின் மின்செலவைக் குறைக்கும் வசதியும் இல்லை.

இதைப் படித்துவிட்டு உடனே பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட வேண்டாம். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்குரிய டிரைவரோடுதான் எழுந்திருக்கும். முறையை மாற்றினால் துவக்க டிஸ்க் கிடைக்கவில்லை என்று நீலத் திரை வந்து நிற்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தேர்ந்துகொண்டு, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்கள் மட்டும் இயங்கும் நிலையில்) எழவிட்டு, அந்தத் தேர்வை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்கள் திரும்பக் கிடைக்காது.

புதிய மடிக்கணினிகளில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ராணிப்பேட்டையிலிருந்து என் அக்கா மகன் ஒருநாள் அழைத்தான்: "மாமா, புது லேப்டாப்புல விண்டோஸ் போடலாம்னு பாத்தா டிஸ்க்கே இல்லன்னு வருது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" யாரும் ஏமாற்றவில்லை. 2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற கன்ட்ரோலர், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ முறையில் இயங்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கைத் தன் பின்னால் வைத்துக்கொள்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் என்ற பொத்தானை அழுத்திக் காட்டினால் டிஸ்க் தோன்றிவிடும். புதிதாகத்தான் நிறுவப்போகிறோம் என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது இன்னும் எளிது. சில ஏசர் மடிக்கணினிகளில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே வெளியில் வரும்.

ரெய்டு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்குவதற்கானது. ஒரே ஒரு டிஸ்க் உள்ள மடிக்கணினியை ரெய்டு முறையில் வைத்து விற்பதால் வாங்குபவருக்கு என்ன நன்மை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உபுண்டு நிறுவ வரும் கல்லூரி மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். ரெய்டு முறையை நடத்தும் இன்டெல் ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வாருங்கள் என்று நிறுவியே திருப்பி அனுப்பிவிடும்.

எம்.2 குச்சி, அதாவது மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா எம்.2 குச்சிகளும் என்விஎம்இ அல்ல. முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. சாட்டாவை மட்டும் ஏற்கும் பழைய எம்.2 பொருத்துவாயில் என்விஎம்இ குச்சி வேலை செய்யாது. என்விஎம்இயை மட்டும் ஏற்பதில் சாட்டா குச்சி ஒழுங்காக உட்கார்ந்தாலும் பயாஸில் தெரியாது. கடைக்குப் போகும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.