பவர்-ஆன் ஸ்டால்: வலது கால் ஒருவழியாகப் படிந்துவிட்டது

இன்று காலை எங்கள் பயிற்சி விமானமான செஸ்னா 172எஸ் முழு விசையில் மூக்கைத் தூக்கி, ஸ்டாலாகி (இறக்கைகள் தூக்குவிசையை இழந்து), எந்தப் பக்கமும் சாயாமல் நேராகத் தலை கவிழ்ந்தது. பயிற்றுநரின் கைகள் மடியிலேயே இருந்தன. இடது இறக்கை சரிவதும் அவர் ரடரை (காலால் மிதித்து மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) மிதிப்பதுமாகக் கழிந்த வாரங்களுக்குப் பிறகு, இது எனக்குப் பெரிய வெற்றி.

இடம், பீனிக்ஸுக்குத் தென்மேற்கே, சியரா எஸ்ட்ரெல்லா மலைத்தொடர் தெரியும் பயிற்சி வெளி. மீட்பு முடியும்போது தரையிலிருந்து 1,500 அடிக்குக் குறையக் கூடாது என்பது விமானி உரிமத் தேர்வின் விதி. நாங்கள் 3,000 அடிக்கு மேலேதான் தொடங்குகிறோம். உயரத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. இருபுறமும் திரும்பி வேறு விமானம் இல்லை என்று உறுதிசெய்து, 55 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் குறைத்து, என்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளுவது வரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பாடுபடுத்துவது அதற்குப் பிந்தைய சில நொடிகள். மூக்கு உயர்ந்ததும் புரொப்பெல்லரின் வலப்பக்கம் இறங்கும் அலகு காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டுகிறது. மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது. சுழன்று வரும் காற்று வால் துடுப்பின் இடப்புறத்தில் அறைந்து மேலும் தள்ளுகிறது. வேகம் குறையக் குறைய ரடரின் பிடிப்பும் தளரும். 60 நாட்டில் போதுமாக இருந்த மிதி 50 நாட்டில் போதாது. மேட்டில் அரைக் கிளட்சில் காரை நிறுத்திப் பிடிப்பதுபோல, கால் ஓயாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் அழுத்துவது ஒன்று. விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் கருவியின் பந்திலிருந்து கண்ணை எடுத்துவிடுவது மற்றொன்று. மூக்கு ஓடிய பிறகுதான் பந்து அதைச் சொல்லும். என்ஜின் மூடி முன்னால் அடிவானத்தை மறைத்தாலும், அதன் இடது ஓரத்தில் மலைமுகட்டின் ஒரு துண்டு தெரியும். அது மூடிக்குப் பின்னால் ஒளியத் தொடங்கிய கணமே வலது கால் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

இடது இறக்கை சரிந்தால் கை தானாக யோக்கை (கைப்பிடிச் சக்கரம்) வலப்பக்கம் திருப்பப் பார்க்கும். திருப்ப விடாதீர்கள். இடது ஏலரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல்) கீழிறங்கி, ஏற்கெனவே ஸ்டாலான இறக்கையின் தாக்குகோணத்தை, அதாவது அது காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை, இன்னும் கூட்டும். விமானம் சுழன்றபடி கீழே விழும் ஸ்பின்னுக்கு அதுவே வாசல். முதலில் யோக்கைத் தளர்த்தி, ஸ்டாலை எச்சரிக்கும் ஹார்னை அடக்குங்கள். அதுவரை மூக்கை ஓடவிடாமல் பிடிப்பது காலின் வேலை. பிறகு இறக்கைகளைச் சமன்செய்து 74 நாட்டில் ஏறலாம். அந்த ஹார்ன் ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் முன்பே அழத் தொடங்கும். அந்த அவகாசம் போதும்.

காலணியும் முக்கியம். தடித்த அடிப்பகுதி கொண்ட ஓட்டக் காலணியைக் கழற்றிவிட்டு, விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிய தட்டையான காலணிக்கு மாறியதும் பெடலின் எதிர்ப்பு பாதத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. விலையும் குறைவு. அடுத்து, இரைச்சல் குறைக்கும் ஹெட்செட் ஒன்றை, ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியதாக, தேடிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயமில்லை. ஆனாலும் டெக்கத்லான் என்ற வான்சாகச விமானத்தில், தகுந்த பயிற்றுநரோடு, அதைக் கற்றே தீருவேன். அதற்கு முன் திரும்பியபடி ஏறும் ஸ்டால் பாக்கி இருக்கிறது. வலத் திருப்பத்தில் ரடர் குறைந்தால் மேலே இருக்கும் இடது இறக்கைதான் கவிழும் என்கிறார் பயிற்றுநர். அடுத்த பாடத்தில் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறேன்.