வெள்ளிக்கிழமை 11 மணிக்கு யார் கையெழுத்து?

ஒஸ்லோ அரண்மனைக் கூரையில் பறக்கும் கொடியை உற்றுப் பார்த்தாலே போதும், அன்றைக்கு நார்வேயில் அரச அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சிவப்புத் துணியில் கோடரி ஏந்திய தங்கச் சிங்கம், ஓரம் நேராக வெட்டப்பட்டிருந்தால் மன்னர். அதே சிவப்பு, அதே சிங்கம், ஆனால் ஓரம் இரட்டைவால் குருவியின் வாலைப் போலப் பிளந்திருந்தால் பட்டத்து இளவரசர் ரீஜென்ட்டாக, அதாவது மன்னருக்குப் பதிலாக அதிகாரம் செலுத்துபவராக, இருக்கிறார். மன்னர் உள்நாட்டில் எங்கே சுற்றுப்பயணம் போனாலும் அவருடைய கொடி இறங்காது. வெளிநாடு போனால் மாறும்.

ரீஜென்ட் என்பதற்குச் சில செய்திகளில் 'தற்காலிக மன்னர்' என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. நம் அரசு அலுவலகங்களில் புழங்கும் 'பொறுப்பு' என்ற சொல்தான் கிட்டத்தட்டப் பொருந்தும்: பொறுப்பு ஆளுநர், பொறுப்புத் தலைமை நீதிபதி என்கிறோமே, அதுபோல. நாற்காலிக்குரியவர் மாறுவதில்லை, வேலை மட்டும் கைமாறுகிறது. அதனால்தான் பட்டத்து இளவரசர் ஹோகோன் அந்த நாட்களில்கூட 'மாட்சிமை தங்கிய' ஆவதில்லை. இளவரசருக்குரிய மரியாதை அடைமொழியோடு, 'பட்டத்து இளவரசர் ரீஜென்ட்' என்றே குறிப்பிடப்படுகிறார்.

இது மன்னர் மனமுவந்து கொடுக்கும் நியமனமும் இல்லை. 1814 அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு இரண்டு சூழ்நிலைகளைச் சொல்கிறது: மன்னர் நாட்டில் இல்லாதபோது, அல்லது ஆட்சிப் பணியைக் கவனிக்க முடியாத அளவுக்கு நோயுற்றிருக்கும்போது. (போர்க்களத்தில் படை நடத்தப் போயிருந்தால் மட்டும் விலக்கு. 1814-இல் எழுதியவர்களுக்கு அந்தக் கவலையும் இருந்திருக்கிறது.) அப்போது வாரிசு வரிசையில் அடுத்து நிற்பவர், வயது வந்தவராக இருந்தால், அரச அதிகாரத்தைத் தாமே செலுத்துகிறார்.

குழப்பம் வருவது இதன் பக்கத்துப் பிரிவுகளில். மன்னர் உள்நாட்டுப் பயணத்தில் இருந்தால் 13-ஆம் பிரிவின்படி நிர்வாகத்தை அமைச்சரவையிடம் விடலாம். அங்கே ரீஜென்ட்டுக்கு வேலையே இல்லை. மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஒரு பாலத்தைத் திறந்து வைத்தாலோ, விருந்தில் கலந்துகொண்டாலோ அது வெறும் பிரதிநிதித்துவம், அதற்கும் ரீஜென்சிக்கும் சம்பந்தமில்லை. வாரிசுக்கு 18 வயது ஆனதும் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார 35-ஆம் பிரிவு உரிமை தருகிறது, ஆனால் வாக்கும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. பார்த்துப் பழகுவதற்கான இருக்கை அது.

உண்மையான வேலை வெள்ளிக்கிழமை. வழக்கமாகக் காலை 11 மணிக்கு அரண்மனையின் அமைச்சரவை மண்டபத்தில் கூடும் கூட்டத்துக்கு மன்னர் தலைமை தாங்குவார். அவர் இல்லாதபோது ரீஜென்ட். நார்வேச் சட்டங்களில் 'மன்னர் தீர்மானிப்பார்' என்று எங்கே வந்தாலும் அது இந்த மேசையைத்தான் குறிக்கிறது, தனி மனிதரை அல்ல. நாடாளுமன்றமான ஸ்டோர்டிங் நிறைவேற்றிய சட்டங்களுக்கு ஒப்புதல், விதிமுறைகள், நீதிபதிகள் உள்ளிட்ட உயர் பதவி நியமனங்கள், தண்டனை மன்னிப்பு, ஒப்பந்தங்கள் எல்லாம் இங்கே வரும். எந்தத் துறையின் கோப்போ, அந்தத் துறை அமைச்சர் எடுத்துரைத்துப் பரிந்துரைக்க வேண்டும். அமைச்சர் எவரானாலும் அஞ்சாமல் தன் கருத்தைச் சொல்வது 30-ஆம் பிரிவு விதிக்கும் கடமை, கேட்டுக்கொள்வது மேசைத் தலைமாட்டில் இருப்பவரின் கடமை. எல்லாமே குறிப்பேட்டில் ஏறும்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கலாம். ஒன்று, எண்ணிக்கை: அமைச்சர்களில் பாதிக்கு மேல் வந்திருந்தால்தான் முடிவு எடுக்க முடியும். 20 பேர் கொண்ட அமைச்சரவை என்றால் 11 பேர், பத்து போதாது. இன்னொன்று, எதிர்க்கையெழுத்து. ரீஜென்ட்டின் கையெழுத்து மட்டும் இருந்தால் அந்தத் தாள் செல்லாது. பிரதமரும் உடன் கையெழுத்திட வேண்டும், அவர் வரவில்லை என்றால் வந்திருப்பவர்களில் மூத்த அமைச்சர். படைத் தலைமை சார்ந்த கோப்புகளில் அதை முன்வைத்தவரே இடுவார்.

எதிர்க்கையெழுத்து ஏதோ சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 1905-ஐப் பார்க்க வேண்டும். அப்போது நார்வேயும் ஸ்வீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. நார்வேக்குத் தனித் துணைத் தூதரகச் சேவை வேண்டும் என்று ஸ்டோர்டிங் நிறைவேற்றிய சட்டத்துக்கு மே 27 அன்று இரண்டாம் ஆஸ்கர் ஒப்புதல் மறுத்தார். சற்று முன்புவரை, அவருடைய உடல்நலக் குறைவால், ரீஜென்ட்டாக இருந்தவர் மகன் குஸ்தாவ். மறுத்த முடிவில் எதிர்க்கையெழுத்திட நார்வே அமைச்சர்கள் மாட்டோம் என்றார்கள். பதவி விலகினார்கள். மாற்று அரசை அமைக்க மன்னரால் முடியவில்லை. ஜூன் 7 அன்று, 'அரசை அமைக்க இயலாத மன்னரின் அதிகாரம் செயலிழந்துவிட்டது' என்ற காரணத்தைச் சொல்லியே ஸ்டோர்டிங் இணைப்பை முறித்தது. இடாத ஒரு கையெழுத்து இரண்டு நாடுகளைப் பிரித்திருக்கிறது.

நார்வேச் சட்டங்களுக்கு அடையாளமே ஒப்புதல் பெற்ற தேதிதான். காலண்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையாக இருக்கும். நிர்வாகச் சட்டம் 1967 பிப்ரவரி 10, வெள்ளி. இப்போதைய தண்டனைச் சட்டம் 2005 மே 20, அதுவும் வெள்ளி. அந்த ஆண்டு ஏப்ரலில் மன்னர் ஹரால்டுக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை நடந்து, ஜூன் தொடக்கம்வரை ஹோகோன்தான் ரீஜென்ட். ஆக, நாட்டின் தண்டனைச் சட்டமே அந்தப் பொறுப்புக் காலத்தில் ஒப்புதல் பெற்றது. விதிமுறைகளின் தலைப்பிலும் இந்தத் தடம் இருக்கும்: வழக்கமாக 'அரச தீர்மானம்' என்பதன் சுருக்கம் வரும் இடத்தில், 'பட்டத்து இளவரசர் ரீஜென்ட் தீர்மானம்' என்பதன் சுருக்கமான 'க்ரூன்பிரின்ஸ்ரெக். ரெஸ்.' அச்சாகியிருக்கும். சட்ட வலு இரண்டுக்கும் ஒன்றே.

கையெழுத்துப் போடத் தொடங்கும் முன் 44-ஆம் பிரிவின்படி ஓர் உறுதிமொழி: அரசியலமைப்புக்கும் சட்டங்களுக்கும் இசைய ஆட்சிப் பணியை நடத்துவேன் என்று, எழுத்தில், ஸ்டோர்டிங்குக்கு. சபை கூடாத காலமென்றால் அமைச்சரவையில் கொடுத்துவிட்டுப் பிறகு சபையில் வைக்கலாம். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும். மன்னர் விடுமுறைக்கு வெளிநாடு கிளம்பும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்வதென்றால் யாருக்கும் வேறு வேலை நடக்காது!

'நோயுற்றிருக்கிறார்' என்று யார் தீர்மானிப்பது? மருத்துவக் குழு, வாக்கெடுப்பு என்றெல்லாம் 41-ஆம் பிரிவில் எதுவும் இல்லை. நடைமுறையில் அரண்மனை ஓர் அறிக்கை விடுகிறது: மன்னர் இன்ன தேதிவரை மருத்துவ விடுப்பில் இருக்கிறார், பட்டத்து இளவரசர் ரீஜென்ட். தொழிற்சாலை ஊழியரின் விடுப்புக்குச் சொல்லும் அதே சொல்தான் மன்னருக்கும். 2024-இல் இரண்டு காரணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிப்ரவரி இறுதியில் ஹரால்ட் மலேசியாவின் லங்காவியில் நோயுற்றபோது, வெளிநாட்டில் இருந்ததாலேயே அதிகாரம் ஏற்கெனவே ஹோகோனிடம் இருந்தது. தற்காலிக பேஸ்மேக்கருடன் மார்ச் 3 அன்று ஊர் திரும்பிய மன்னருக்கு மார்ச் 12 அன்று நிரந்தர பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். திரும்பியதும் முதல் காரணம் போய்விட்டது, நோய் என்ற இரண்டாவது காரணத்தில் ரீஜென்சி ஏப்ரலிலும் தொடர்ந்தது.

ரீஜென்சிக்குக் கால வரம்பு இல்லை. 1955-இல் ஏழாம் ஹோகோன் தொடை எலும்பு முறிந்து படுத்தபின், மகன் உலாவ் 1957 செப்டம்பர் 21-இல் தந்தை இறக்கும்வரை, இரண்டு ஆண்டுக்கு மேல் ரீஜென்ட்டாகவே இருந்தார். வரம்பு இருப்பது மன்னரின் பயணத்துக்கு. ஸ்டோர்டிங்கின் இசைவில்லாமல் ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் முடியுரிமை போய்விடும் என்கிறது 11-ஆம் பிரிவு. பாதுகையை வைத்துப் பதினான்கு ஆண்டு ஆண்ட பரதன் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

மற்ற வேலைகள் சுருக்கமாக: புதிய தூதர்கள் மன்னர் பெயருக்குக் கொண்டுவரும் நியமனக் கடிதங்களை வாங்கிக்கொள்வது, பிரதமர், வெளியுறவு அமைச்சர், பாதுகாப்புப் படைத் தலைவர் ஆகியோரைச் சந்தித்து விவரம் கேட்பது. ஸ்டோர்டிங் தொடக்க உரையை வாசிக்க நேர்ந்தாலும் அதன் வாசகம் அரசாங்கம் எழுதியது.

தந்தையும் மகனும் ஒரே நேரத்தில் வெளிநாட்டில் இருந்தால்? அடுத்த வாரிசு சிறு வயதாக இருந்த காலத்தில், அமைச்சரவையே மன்னர் பெயரில் முடிவெடுத்துக் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் விதி. வாக்குகள் சமமானால் பிரதமருக்கு இரண்டு வாக்கு. ஹோகோனின் மகளும் அடுத்த வாரிசுமான இளவரசி இங்க்ரிட் அலெக்சாண்ட்ராவுக்கு 2022 ஜனவரி 21-இல் 18 வயது ஆனது. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 28 வெள்ளிக்கிழமை, முதன்முறையாக அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். அவருக்கு 18 வயது ஆனதிலிருந்தே, அவர் நாட்டில் இருக்கும்வரை, இந்த ஓட்டையும் அடைபட்டுவிட்டது.

பொறுப்பு முடிந்ததும் மன்னருக்கும் ஸ்டோர்டிங்குக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. மன்னர் இறந்துவிட்டால் ரீஜென்ட் அந்தக் கணமே மன்னர். 1990-இல் தந்தை உலாவ் பக்கவாதத்தால் முடங்கியதிலிருந்து ரீஜென்ட்டாக இருந்த ஹரால்டுக்கு 1991 ஜனவரி 17 இரவு அப்படித்தான் நடந்தது. ஆனால் ரீஜென்ட்டாகக் கொடுத்த எழுத்து உறுதிமொழி மன்னருக்குச் செல்லாது. ஜனவரி 21 அன்று அவர் ஸ்டோர்டிங்குக்கு நேரில் போய், 9-ஆம் பிரிவின் உறுதிமொழியைப் புதிதாக எடுத்தார்.