பள்ளியில் பாவைக்கூத்து: முதலில் திரை, கடைசியில் கதை

ஊர்க் கலைக்குழுக்கள் அரசுப் பள்ளிகளோடு சேர்ந்து செய்கிற வேலைகளில் நிழற்பாவைக்கு, அதாவது திரைக்குப் பின்னால் விளக்கு வைத்துப் பாவையின் நிழலால் கதை சொல்லும் கூத்துக்கு, எப்போதும் மவுசு உண்டு. செலவு குறைவு. நாற்பது பிள்ளைகளுக்கும் கை நிறைய வேலை இருக்கும். மேடையேறக் கூச்சப்படுகிற பிள்ளையும் திரைக்குப் பின்னால் துணிந்து பாவை பிடிக்கும். முடிவில் ஒரு கண்காட்சியும் ஒரு நிகழ்ச்சியும் கிடைக்கும். இத்தனை வசதி இருந்தும் பல நிகழ்ச்சிகளில் பார்வையாளருக்குத் தெரிவது கறுப்புத் திட்டுகள் நகர்வது மட்டும்தான். காரணம், எல்லாரும் கதையிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் வகுப்பிலேயே ராஜா, மந்திரி, படை, யானை என்று கதை எழுதி, பாத்திரங்களைப் பங்கு பிரித்து, பாவையும் வெட்டி முடித்துவிடுவார்கள். கடைசி வாரம் வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கைப் போடும்போதுதான், அந்தப் படை திரைக்குள் அடங்காது என்பது தெரியவரும். திரை, விளக்கு, பாவை, கதை என்ற வரிசையில் போனால் இந்தச் சிக்கலே வராது.

அதற்கு முன் நாள் குறிக்க வேண்டும். வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஆறு வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். ஜூலை, ஆகஸ்டு நல்லது. விட்டால் பொங்கலுக்குப் பிறகு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்தால் வெட்டி வைத்த தாளெல்லாம் ஈரம் குடித்துத் துவண்டு போகும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும்போதே பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். இது இருட்டிய பிறகு நடக்கிற நிகழ்ச்சி. பெண் பிள்ளைகள் யாரோடு வீடு திரும்புவார்கள் என்று அவர்கள்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கடைசி நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

திரைக்கு ஒரு நாலு முழ வேட்டி போதும். ஏறக்குறைய ஆறரை அடி நீளம், நாலு அடிக்குச் சற்று மேல் அகலம் இருக்கும். வெள்ளைப் பருத்தியாக இருக்க வேண்டும். மெல்லிய மல் துணியில் பல்பு அப்படியே தெரியும். கெட்டிக் கதர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். பாலியெஸ்டர் கலந்ததில் நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று மின்னும். புது வேட்டியை ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கி, இஸ்திரி போட்டுவிடுங்கள். மடிப்பு இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் திரையில் ஒரு கோடாக விழும். எட்டு முழ வேட்டி கட்டினால் பெரிதாக இருக்குமே என்று ஆசை வரும். ஒரே விளக்கு அந்த நீளத்துக்குச் சீராக எட்டாது, இரண்டு விளக்கு போட்டால் ஒவ்வொரு பாவைக்கும் இரண்டு நிழல். நாலு முழத்தோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

சவுக்குக் கழி நாலைக் கட்டிச் சட்டம் செய்து, துணியின் நாலு ஓரத்தையும் ஒரு சாணுக்கு ஒரு கிளிப் வீதம் இழுத்து மாட்டுங்கள். தட்டினால் தொம்மென்று சத்தம் வரும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். துணியின் கீழ் ஓரம் தரையிலிருந்து இரண்டேகால் அடியில் நிற்கட்டும். அதற்குக் கீழே கறுப்புத் துணியோ கெட்டியான போர்வையோ தொங்கவிட்டால் பாவை பிடிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்தபடி மறைந்திருக்கலாம். திறந்த மைதானத்தில் கட்டினால் காற்றில் திரை உப்பும். உப்பினால் பாவை துணியில் ஒட்டாது, நிழல் கலங்கும். வகுப்பறைக் கட்டடத்தின் சுவரை முதுகுப்பக்கம் வைத்துக் கட்டுவது நல்லது.

விளக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டில் மாட்டும் பால்வெள்ளை எல்.இ.டி. பல்பில் கூடு முழுவதும் ஒளிரும், அதனால் நிழலின் ஓரம் மங்கும். கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற ஃபோகஸ் லைட்டில் பல சில்லுகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிழல் போடும். டியூப் லைட் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். இழை தெரிகிற பழைய கண்ணாடிக் குண்டு பல்பு அருமையாக இருந்தது. இப்போது கிடைப்பது அரிது. ஒற்றைச் சில்லு உள்ள எல்.இ.டி. டார்ச் அந்த வேலையைச் செய்யும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கையை விரித்து, விளக்கை நாலு அடி பின்னால் பிடியுங்கள். ஐந்து விரலும் கூர்மையாக விழுந்தால் வாங்குங்கள். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு மூன்று ஓரம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விளக்கைத் திரைக்கு நாலு அடி பின்னால், தரையிலிருந்து எட்டடி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒளி மேலிருந்து சரிந்து வருவதால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலை நிழல் திரையில் விழாமல் கீழே கறுப்புத் துணியில் விழுந்து மறையும். முன்வரிசைப் பார்வையாளர்கள் திரையிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் உட்கார வேண்டும். அதைவிட நெருங்கினால், அண்ணாந்து பார்க்கும்போது துணி வழியாக பல்பு கண்ணைக் குத்தும். சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு போட்டுவிட்டால் சின்னப் பிள்ளைகள் தாண்டி வரமாட்டார்கள். கொஞ்ச நேரத்துக்காவது.

பாவை துணியில் ஒட்டியிருந்தால்தான் நிழல் கூர்மையாக விழும், வண்ணமும் தெரியும். மேல்விளக்கு என்பதால் பாவையைப் பின்னுக்கு இழுத்தால் நிழல் பெரிதாவதோடு கீழேயும் இறங்கிவிடும். பூதம் வளர வேண்டுமா? மேல்விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பிள்ளை செல்போன் டார்ச்சைப் பாவையின் உயரத்துக்கே, திரைக்கு மூன்றடி பின்னால் பிடிக்கட்டும். பாவை துணியிலிருந்து ஒன்றரை அடி விலகியதும் நிழல் இரண்டு மடங்காகிவிடும். இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரியக் கூடாது. அணைக்கிறவர் ஒருவர், பிடிக்கிறவர் ஒருவர் என்று முன்பே ஆள் பிரித்துவிடுங்கள்.

திரையும் விளக்கும் நின்ற பிறகு பிள்ளைகளை உள்ளே விடுங்கள். முதல் நாள் பாவையே வேண்டாம்: இலை, சீப்பு, வளையல், கை என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துப் பார்க்கட்டும். எது நிழலில் அடையாளம் தெரிகிறது, எது வெறும் திட்டாகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இதில் முக்கியமானது முகம். எந்தப் பிள்ளையும் நேர்முகம்தான் வரையும். நிழலில் அது கறுப்பு வட்டம். பக்கவாட்டு முகம் வரைந்து, மூக்கையும் தாடையையும் கொஞ்சம் மிகைப்படுத்தி, கண்ணை ஓட்டையாக வெட்டினால்தான் ஆள் பேசுவது போல இருக்கும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் புக இடைவெளி வேண்டும். கழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் இரண்டாம் ஒத்திகையில் தலை தொங்கிவிடும்.

மரபுக் கலைஞர்கள் ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் காயவைத்து, ஒளி ஊடுருவும்வரை சுரண்டி, உளியால் துளையிட்டு இரு பக்கமும் வண்ணம் தீட்டுகிறார்கள். பள்ளியில் அது நடக்காது. ஜவுளிக்கடைச் சட்டைப் பெட்டி அட்டை நல்ல மாற்று. புடவைக்கரை, கிரீடம், இறக்கை ஆகிய இடங்களை வெட்டியெடுத்து, பின்னால் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் தடித்த டிராயிங் தாளில் கிரேயானோ ஸ்கெட்ச் பேனாவோ கொண்டு வண்ணம் தீட்டி, பின்பக்கம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் தடவுங்கள். தாள் ஒளிபுகும், வண்ணம் திரையில் மிளிரும். போஸ்டர் கலர் பூசினால் எண்ணெய் எவ்வளவு தடவினாலும் கறுப்பாகவே விழும். எண்ணெய் வேலை எப்போதும் கடைசி. எண்ணெய் ஏறிய தாளில் பசையும் ஒட்டாது, டேப்பும் ஒட்டாது. தடவிக் கால்மணி நேரம் கழித்துத் துடைத்து, ஓர் இரவு கொடியில் தொங்கவிடுங்கள்.

உயரம் 12 முதல் 15 அங்குலம். ஒரே ஒரு மூட்டு போதும், பெரும்பாலும் முன்கை. காலும் தலையும் இடுப்பும் அசைய வேண்டும் என்று ஆசைப்பட்டால் அவற்றைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். மூட்டில் இரண்டு துண்டும் முக்கால் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். குத்தூசியால் துளையிட்டு, நூலின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு நுழைத்து, மறுபக்கம் ஒரு நெல்மணி அளவு தளர்வு விட்டு முடியுங்கள். இறுக்கி முடிந்தால் கை அசையாது. உடலுக்கு மூங்கில் சிம்பு: நுனியிலிருந்து முக்கால் பங்கு நீளத்துக்குப் பிளந்து, பாவையை நடுவில் செருகி, மூன்று இடத்தில் நூலால் கட்டினால் அசையாமல் நிற்கும். பிளக்காத அடிப்பகுதிதான் பிடி. அது பாவையின் பாதத்துக்குக் கீழே ஒரு சாண் நீள வேண்டும். கைக்குத் தென்னை ஈர்க்கு. ஐஸ் குச்சி வேண்டவே வேண்டாம். குட்டையானது, பிடிக்கிற விரலெல்லாம் திரையில் தெரியும்.

இப்போது கதை. ஆறரை அடித் திரைக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளுக்கு மேல் தோளுரசாமல் உட்கார முடியாது. ஆகவே ஒரு காட்சிக்கு இரண்டு பாத்திரம், ஒரு மரமோ வீடோ. நாலு காட்சி, மொத்தம் பன்னிரண்டு நிமிடம். காட்சிக்குக் காட்சி ஆட்களை மாற்றினால் பன்னிரண்டு பேர் பாவை பிடிக்கலாம். பேசுகிறவர், பறையோ டோலக்கோ ஜால்ராவோ வாசிக்கிறவர், விளக்குக்காரர், பாவை எடுத்துக்கொடுப்பவர் என்று மிச்சப் பேரையும் சேர்த்துவிடலாம். பஞ்சதந்திரத்தைவிட ஊர்க் குளம், ரேஷன் கடை வரிசை, காணாமல்போன ஆடு இவையெல்லாம் நன்றாக எடுபடும். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வாயில் வரும். எழுதிக்கொடுத்த செந்தமிழ் வசனத்தை ஒப்பிக்கவைப்பதைப் போல இந்தக் கலையைக் கொல்வது வேறில்லை.

ஒத்திகையில் ஒரே ஒரு விதி: பேசுகிற பாவை மட்டும் அசையட்டும், கேட்கிற பாவை சும்மா நிற்கட்டும். இது இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து துள்ளும், யார் பேசுவது என்றே தெரியாது. பின்னால் இருப்பவர்கள் நிழலைப் பார்க்காமல் கையில் உள்ள பாவையையே பார்ப்பார்கள், அதனால் பாவை சாயும். முன்பக்கம் ஒரு பிள்ளையை உட்காரவைத்து “தூக்கு”, “நிமித்து”, “ஒட்டு” என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் கொடுப்பவர்கள் திரைக்குப் பின்னால் வேண்டாம். பக்கவாட்டில் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கட்டும். ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் வைத்தால் ஊளையிடும்.

ஜூன் கடைசியில் ஆறே முக்கால் ஆனாலும் வெளிச்சம் போகாது. ஜனவரியில் அதைவிடச் சீக்கிரம் இருட்டிவிடும். பள்ளிக்கு எதிரில் தெருவிளக்கு இருந்தால் ஒரு மணி நேரம் அணைத்துத் தர ஊராட்சியில் முன்கூட்டியே கேளுங்கள். விளக்கு டார்ச் என்றால் மின்வெட்டுக்குப் பயமில்லை. மைக் போய்விடும், அவ்வளவுதான். மைக் இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

கண்காட்சிக்குச் சுவரை நம்பாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டாது, டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டினால் பெயிண்டோடு பெயர்ந்து வரும். ஜன்னல் கம்பிக்குக் கம்பி கொடி கட்டிக் கிளிப் போடுவதே சரி. நாற்பது தாள், ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம், இடைவெளி நாலு அங்குலம் என்றால் ஐம்பத்துமூன்று அடிக் கொடி வேண்டும். ஐந்தடிக்கு ஒருமுறை முட்டுக் கொடுக்காவிட்டால் நடுவில் தொய்யும். தாளின் நடு, பிள்ளைகளின் கண் உயரத்துக்கு நாலடியில் இருக்கட்டும். பாவைகளை ஜன்னலுக்கு நேரே தொங்கவிடுங்கள். பகல் வெளிச்சம் ஊடுருவும்போதுதான் அவற்றின் வண்ணம் தெரியும். பெயர்ச்சீட்டைக் கணினியில் அடிக்க வேண்டாம்: பெயர், வகுப்பு, “இது என்ன செய்யும்” என்று ஒரு வரி, அவரவர் கையெழுத்திலேயே. நாற்பது பேர் செய்தால் நாற்பதும் தொங்க வேண்டும். ‘சிறந்த பத்து’ என்று பொறுக்கினால், அடுத்த ஆண்டு மிச்ச முப்பது பேரும் வகுப்புக்கே வரமாட்டார்கள். பரிசுக்கும் போட்டிக்கும் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா இருக்கிறது. இங்கேயும் அதையே செய்ய வேண்டியதில்லை.

முடிந்தால் மரபுக் கலைஞர் ஒருவரை ஒருநாள் அழையுங்கள். கன்னியாகுமரி மாவட்டப் பக்கம், வீட்டில் மராத்தி கலந்த மொழி பேசும் மண்டிகர் குடும்பங்கள் தோல்பாவைக் கூத்தை வைத்திருக்கிறார்கள். பல இரவு நடக்கிற ராமாயணத்தை இருபது நிமிடத்தில் காட்டச் சொல்லாமல் ஒரே ஒரு கட்டம் கேளுங்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வரும் கோமாளிக் காட்சி போதும், பள்ளியே உருண்டு சிரிக்கும். கலைஞர்களை மூன்றாம் வாரத்தில் வரவைப்பது நல்லது. அதற்குள் பிள்ளைகளுக்குக் கை வலி என்னவென்று தெரிந்திருக்கும், கேள்வி கேட்கத் தெரியும். போக்குவரத்துச் செலவை முன்பணமாகவே அனுப்பிவிடுங்கள். சான்றிதழும் சால்வையும் ஊதியம் ஆகாது.

நிகழ்ச்சி முடிந்த அன்றே பாவைகளை அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பள்ளி அலமாரியில் அடுக்கி வைத்தால் எண்ணெய்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரப்பான் அரிக்கும். அடுத்த குழுவுக்கு மாதிரி வேண்டுமென்றால் நாலைந்தை மட்டும் செய்தித்தாளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, நிமிர்த்தி நிறுத்தாமல் படுக்கையாக வையுங்கள். வேட்டியை அலசி மடித்து வைக்கலாம். சவுக்குக் கழி பள்ளித் தோட்டத்துப் பந்தலுக்கு ஆகும்.