கடல்நீர்த் தொட்டியில் கார்ப்பெட் அனிமோன்: முதல் நாற்பது நாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கடல்நீர்த் தொட்டிக்கு இந்தத் தை மாதத்தோடு மூன்று வயது நிறைந்தது. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட அந்தத் தொட்டியில், கீழே உள்ள சம்ப்பையும் (நீரை வடிகட்டும் துணைத்தொட்டி) சேர்த்து ஏறத்தாழ 400 லிட்டர் நீர் சுற்றி வருகிறது. உயிருள்ள பவளம் எதுவும் அதில் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பவளங்கள் இருப்பதால், தொடக்கத்திலேயே அந்த ஆசையை விட்டுவிட்டுச் செயற்கைப் பாறைகளை அடுக்கினேன். பண்ணையில் பிறந்த சீபே க்ளவுன் மீன் இணை ஒன்று, மூன்று பச்சைக் குரோமிஸ் மீன்கள், ஒரு பிளென்னி மீன் ஆகியவையே இதுவரை குடியிருந்தவை. கருமையான உடலும் மஞ்சள் வாலும் கொண்ட அந்த இணை, ஒண்டிக்கொள்ள வேறு இடம் இல்லாததால் நீரில் அலையோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் பின்புறத்தையே இரண்டு ஆண்டுகளாக வீடாக்கிக்கொண்டிருந்தது.

சீபே மீன் இயற்கையில் நாடும் இடம் கார்ப்பெட் அனிமோன். கடற்சாமந்தி என்று நாம் சொல்லும் உயிரினங்களில், ஹட்டோனி என்ற இந்த வகை பாறையைவிட மணல் தரையையே விரும்பும். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மணலுக்குள் அடிப்பாதத்தைப் புதைத்து, மேலே கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் இதன் மீதுதான் சீபே மீன்கள் குடும்பம் நடத்துகின்றன. ஆகவே இந்த மீனுக்கு இந்த அனிமோன் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அதைத் தொட்டிக்குள் விட்ட பிறகு உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான் அச்சமாக இருந்தது.

ஆயத்தத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. தொட்டியின் முன்பக்க வலது மூலையில் மணல் நான்கு சென்டிமீட்டர்தான் இருந்தது. பாதம் புதைய அது போதாது. அகலமான பிவிசி குழாயின் வழியாக, கழுவிய மணலைச் சிறிது சிறிதாக இறக்கி, அந்த மூலையை மட்டும் பத்து சென்டிமீட்டராக உயர்த்தினேன். எதிர்பார்த்தபடியே பழுப்புப் பாசி படர்ந்து, இரண்டு வாரத்தில் தானே அடங்கியது. வேவ்மேக்கர்களின் உறிஞ்சும் வாய்களைப் பஞ்சு உறையால் மூடினேன். இந்தப் பஞ்சைச் சோம்பலால் தள்ளிப்போடுபவர்கள் பலர். இரவில் நகரும் அனிமோன் அந்த வாயில் சிக்கினால் துண்டு துண்டாகி, அதன் நஞ்சு தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும் என்பதை நினைத்தால் இது அரை மணி நேர வேலைதான்.

கடல் இத்தனை அருகில் இருக்க, உப்பை ஏன் விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. எங்கள் கரையில் கெடிலமும் பெண்ணையாறும் கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பு எவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது, கலங்கலும் கூடவே வரும். ஆர்.ஓ. நீரில் உப்புத்தூளைக் கரைத்தால் இன்றைக்கும் அடுத்த மாதத்துக்கும் ஒரே அளவு கிடைக்கிறது.

பொங்கல் முடிந்த வாரத்தில் சென்னை கொளத்தூருக்குச் சென்றேன். மழைக்கால மின்வெட்டும் இல்லாமல், வெயிலும் ஏறாமல், காரில் உயிரினத்தைக் கொண்டுவர ஏற்ற பருவம் அது ஒன்றே. முதல் கடையில் இருந்த அனிமோன் ஓரடி அகலத்துக்கு விரிந்து, பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் வாய் பிளந்து, உள்தசை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர், "தண்ணி மாத்துனா சரியாயிடும் சார்" என்றார். நான் அதை விட்டு நகர்ந்தேன். இரண்டாவது கடையில், தட்டு அளவுக்குச் சுருங்கிக் கிடந்த பழுப்புப் பச்சை அனிமோனின் வாய், சுருக்குப்பை இழுத்துக் கட்டியதுபோல் இறுக மூடியிருந்தது. பாதம் கிழியவில்லை, தொட்டியின் மணலில் தளர்வாகவே அமர்ந்திருந்தது. நிறமும் வெளுக்கவில்லை. உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் இதற்கு உணவின் பெரும்பகுதியைச் சமைத்துத் தருகிறது. வெண்மையாகவோ பளிச்சென்ற மஞ்சளாகவோ இருப்பது அந்தப் பாசியை இழந்ததாகவோ சாயம் ஏற்றப்பட்டதாகவோ இருக்கலாம் என்பதால், அழகான நிறத்தைக் கண்டால் நான் இப்போதெல்லாம் சந்தேகப்படுகிறேன். விரிவைப் பார்க்காமல் வாயைப் பார்த்து வாங்கினேன். அடுத்த நாற்பது நாளும் என்னைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கு மணி நேரப் பயணம். பையில் இருந்த நீரின் அடர்த்தியை, அதாவது உப்பின் அளவை, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது 1.021 என்று காட்டியது. என் தொட்டியிலோ 1.025. வழக்கமாகச் சொல்லப்படும் முறை, மெல்லிய குழாயால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் இறக்கி, இரண்டு மணி நேரத்தில் பழக்குவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மூடிய பையில் கரியமில வாயு கூடி நீரின் பி.எச். இறங்கியிருக்கும், அந்த நிலையில் கழிவிலிருந்து வந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். அந்த நஞ்சில் இரண்டு மணி நேரம் ஊற வைத்துவிட்டுப் பழக்கினேன் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் 40 லிட்டர் தொட்டி ஒன்றில், கடை நீரின் அடர்த்தியைத் தொலைபேசியில் முன்பே கேட்டு அதே 1.021 அளவில் நீரைக் கலந்து வைத்திருந்தேன். வெப்பம் சமமானதும் பை நீரைக் கொட்டிவிட்டு, கையுறை அணிந்து, அனிமோனைப் பாதத்தின் பக்கமாகத் தாங்கி நேராக அதில் இறக்கினேன். பிறகு இரண்டு நாளில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக 1.025 வரை உயர்த்தினேன்.

அங்கே நான்கு நாள் தினமும் பாதி நீரை மாற்றிக் கவனித்தேன். இரண்டாம் நாள் இரவு அது காற்றுப்போன பந்துபோல் சுருங்கிப் பழுப்புச் சளியைக் கக்கியது. மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, செத்துப்போச்சா?" என்றாள். சுருங்குவதும் விரிவதும் இதற்கு உடலுக்குள்ளிருக்கும் பழைய நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்பும் வேலை. வாய் இறுகியே இருந்தது. காலையில் மீண்டும் விரிந்தது. தினமும் சுருங்கி, வாயும் திறந்தபடியே கிடந்திருந்தால் நோய்த்தொற்று என்று கருதி ஆன்டிபயாடிக் சிகிச்சையைத் தொடங்கியிருப்பேன். அதற்கு அவசியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை பெரிய தொட்டிக்கு மாற்றினேன். விளக்கின் வெளிச்சத்தை முப்பது சதவீதத்துக்குக் குறைத்து, வேவ்மேக்கர்களை ஒன்றரை மணி நேரம் நிறுத்தி, மணலில் விரலால் ஒரு குழி பறித்து, அதில் பாதத்தை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பாதம் உள்ளே இறங்கி அடிக்கண்ணாடியைப் பற்றியது. அடுத்த நாள் ஓர் அடி இடப்புறம் நகர்ந்திருந்தது. எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிடிக்கவில்லை. கையை வைத்துத் திருப்பி அமர்த்தும் ஆசையை அடக்கிக்கொண்டேன். எட்டாம் நாளுக்குப் பின் அது நகரவில்லை. வெளிச்சத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் உயர்த்தினேன்.

பதினான்காம் நாள் காலை, குரோமிஸ்களில் ஒன்றைக் காணவில்லை. மாலையில் அனிமோன் வெண்ணிறச் சளி உருண்டை ஒன்றைத் துப்பியது. அதில் செதில்கள் மின்னின. கார்ப்பெட் வகையின் ஒட்டும் கொட்டுநூல்களிலிருந்து க்ளவுன் அல்லாத மீன் தப்புவது அரிது என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஆனாலும் குரோமிஸ் எப்போதும் மேல்நீரில் திரிவதால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தேன். முழு இருட்டில் உறங்கும் மீன் நீரோட்டத்தில் தடுமாறியிருக்க வேண்டும். அன்றிலிருந்து இரவில் மெல்லிய நீல விளக்கொன்றை எரியவிடுகிறேன். பிளென்னியைப் பற்றி இன்னும் எனக்கு நிம்மதி இல்லை.

முதல் இரண்டு வாரம் உணவே கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் முதுநகர் துறைமுகத்தில் வாங்கிய புது இறாலில் சுண்டுவிரல் நகம் அளவு துண்டு ஒன்றை இடுக்கியால் வைத்தேன். ஒரு நிமிடத்தில் ஓரங்கள் மடிந்து வாய்க்குள் சென்றது. ஆர்வக்கோளாறில் அடுத்த வாரம் முழு இறாலைக் கொடுத்தேன். இரவே அதை அப்படியே கக்கிவிட, கழிவால் கூடும் நைட்ரேட் 5-லிருந்து 12-க்கு ஏறியது; எண்பது லிட்டர் நீரை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது வாரத்துக்கு ஒரு நகத்துண்டு மட்டுமே.

க்ளவுன்களின் கதையில் அவசரம் எதுவும் இல்லை. பத்து நாள் எட்டிப் பார்க்கவே இல்லை. பண்ணையில் பிறந்தவை, அனிமோனைக் கண்டதே கிடையாது. பிறகு பெரிய பெண் மீன் வால்நுனியால் உரசி, துள்ளி விலகி, திரும்ப வந்து உரசியது. நான்கு நாள் இப்படித் தன் உடலின் சளிப்படலத்தைப் பழக்கிக்கொண்ட பின், பத்தொன்பதாம் நாள் அதன் நடுவில் படுத்துப் புரண்டது. ஆண் மீன் மேலும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் இந்த ஊரை நாட்கணக்கில் இருட்டில் வைத்தபோது என்னிடம் நன்னீர்த் தொட்டிதான் இருந்தது. அதில் ஒரு மீனும் மிஞ்சவில்லை. அதனால் இம்முறை ஒரு வேவ்மேக்கரைத் தனி பேட்டரியில் இணைத்திருக்கிறேன். செத்த அனிமோன் ஓரிரவில் அழுகி மற்ற அனைத்தையும் கொன்றுவிடும் என்பதால் நஞ்சை உறிஞ்சும் கரித்துகள் ஒரு பையும், கலந்து வைத்த நூறு லிட்டர் உப்புநீரும் எப்போதும் தயாராக இருக்கின்றன.

நாற்பதாம் நாளான இன்று அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 6. அனிமோன் பகலில் 28 சென்டிமீட்டர் விரிகிறது. இயற்கையில் அரை மீட்டரையும் தாண்டும் என்பதால் வலது மூலைப் பாறைகளை இப்போதே பின்னுக்குத் தள்ள வேண்டும். வாய் மூடியே இருக்கிறது. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் பெண் க்ளவுன் பாய்ந்து வந்து மணிக்கட்டில் கடிக்கிறது. கைப்பிடி நீண்ட துடைப்பான் ஒன்று வாங்கியிருக்கிறேன்.